எண்ணெய் குடித்த மண் என்ன ஆகும்?

திருமயம் கோட்டையை அறியாதவர் புதுக்கோட்டைச் சீமையில் இல்லை.

1687-ம் ஆண்டில் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை அது. பெரிய பாறைக் குன்றின் மேல் அது நிற்கிறது. அடிவாரத்தில், அதே பாறையைக் குடைந்து செய்த சிவன் கோவிலும் பெருமாள் கோவிலும் இருக்கின்றன.

அந்தப் பாறையை எத்தனை அடி தோண்டினாலும் ஒரு சொட்டு எண்ணெய் கிடைக்காது!

ஆனால், அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் நெடுவாசல் என்ற கிராமம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பூமிக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். 2017-ம் ஆண்டில் அந்தக் கிராமத்தின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது.

ஒரே மாவட்டம்தான். ஒரு பக்கம் வெறும் பாறை. மறு பக்கம் எண்ணெய். இதற்கு என்ன காரணம்? அந்த எண்ணெய் மேலே வந்து வயலில் கலந்தால் மண் என்ன ஆகும்? கெட்டுப்போன மண்ணைத் திருத்த முடியுமா?

மண்ணை நம்பிப் பிழைப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கல் வேறு, மண் வேறு

திருமயத்தின் பாறை, பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் வெந்து இறுகிய பாறை. அதற்குள் எண்ணெய் உண்டாகவும் வழி இல்லை, தங்கவும் இடம் இல்லை.

கிழக்கே போகப் போக நிலம் மாறுகிறது. பாறை ஆழத்தில் இறங்கிவிடுகிறது. அதன் மேல் மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் அடுக்கு அடுக்காகப் படிந்திருக்கின்றன. இதைக் ‘காவிரிப் படுகை’ என்கிறார்கள்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. அரியலூர்ப் பக்கத்தில் இன்றும் கல்லாகிப்போன சிப்பிகளும் நத்தைகளும் கிடைக்கின்றன. கடல் இருந்ததற்கு அவையே சாட்சி!

அந்தக் கடலில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்ந்தன. அவை செத்து அடியில் விழுந்தன. மேலே சேறு மூடியது. மேலும் மேலும் மண் அழுத்தியது. ஆழத்தில் இருந்த சூட்டிலும் அழுத்தத்திலும் அவை மெல்ல மெல்ல எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின.

இவற்றுக்குத்தான் ‘ஹைட்ரோகார்பன்’ என்று பெயர். ஹைட்ரஜனும் கார்பனும், அதாவது கரியும், சேர்ந்து உண்டான பொருள்கள் என்பது அதன் அர்த்தம்.

பெயர்தான் புதிது. பொருள் நமக்குப் பழக்கமானதுதான். சமையல் காஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், ரோட்டுக்குப் போடும் தார் எல்லாமே அந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்!

தானாக ஊறும் தார்

சில நாடுகளில் இந்த எண்ணெய் யாரும் தோண்டாமலே பூமியின் வெடிப்புகள் வழியாக மேலே வந்துவிடுகிறது. மேலே வந்ததும் லேசான பகுதி காற்றில் ஆவியாகிவிடும். கனமான பகுதி கறுப்பாகக் கெட்டிப்பட்டு நின்றுவிடும். அதுதான் இயற்கைத் தார். புத்தகங்களில் இதை ‘நிலக்கீல்’ என்று எழுதுவார்கள்.

மனிதர்களுக்கு இந்தத் தார் மிகப் பழைய நண்பன். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு மொகஞ்சதாரோவில் ஒரு பெரிய குளம் கட்டினார்கள். தண்ணீர் கசியாமல் இருக்க அதன் சுவருக்கு இயற்கைத் தாரைத்தான் பூசினார்கள்!

மேற்கு இந்தியத் தீவுகளில் டிரினிடாட் என்று ஒரு தீவு இருக்கிறது. 1845 முதல் நம் நாட்டு மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலில் போன தீவு அது. சென்னையில் கப்பல் ஏறிய தமிழர்களும் அவர்களில் உண்டு.

அங்கே ‘லா பிரியா’ என்ற இடத்தில் தாரே ஏரியாக நிற்கிறது! பரப்பு சுமார் 100 ஏக்கர். ஆழம் சுமார் 250 அடி. பெரும்பாலான இடங்களில் அதன் மேல் நடந்து போகலாம். சில இடங்களில் கால் புதையும். 1595-ல் அங்கே போன ஆங்கிலேய மாலுமி வால்டர் ராலே, தன் கப்பல்களின் ஓட்டையை அடைக்க அந்தத் தாரைத்தான் பயன்படுத்தினார்.

நம் நாட்டிலும் இப்படி எண்ணெய் கசிந்த இடம் உண்டு. அது அசாமில் இருக்கும் டிக்பாய். ரெயில் பாதை போடும் வேலைக்குப் போன யானைகள், கால்களில் எண்ணெய் ஒட்டியபடி திரும்பி வந்தன என்று ஒரு கதை சொல்வார்கள். 1889-ல் அங்கே கிணறு தோண்டத் தொடங்கினார்கள். 1901-ல் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

தாரைத் தின்னும் உயிர்கள்

தார் ஊறும் இடத்தில் உயிர் எதுவும் இருக்காது என்றுதான் பலரும் நினைப்பார்கள். விஞ்ஞானிகளும் அதிசயப்படும்படியான ஒரு விஷயம் டிரினிடாட் ஏரியில் தெரிய வந்தது.

அந்தத் தாருக்குள் கடுகு அளவு சின்னச் சின்ன நீர்த்துளிகள் அகப்பட்டிருந்தன. ஒவ்வொரு துளிக்குள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தன. தாரையே சாப்பிட்டு அவை உயிர் வாழ்ந்தன! 2014-ல் இந்த ஆராய்ச்சி வெளியானது.

இத்தகைய நுண்ணுயிர்கள் சாதாரண மண்ணிலும் கொஞ்சம் உண்டு. எண்ணெய் கசியும் இடங்களில் அதிகம் உண்டு. நெடுங்காலமாகத் துளித் துளியாக எண்ணெய் ஊறுவதால், அதைச் செரிக்கும் உயிர்கள் அங்கே பெருகி நிற்கின்றன.

இயற்கையாக வந்த எண்ணெய் என்பதால் அது மண்ணுக்கு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. தார் ஊறும் இடத்தை ஒட்டிய மண்ணும் கெட்ட மண்தான். நெல்லும் கடலையும் அங்கே விளையாது. ஆனால், அந்தக் கேடு மெதுவாக வருகிறது. ஓர் எல்லைக்குள் நிற்கிறது.

மனிதர் கைபட்டு எண்ணெய் கொட்டும்போது கதையே வேறு. ஆயிரம் ஆண்டுகளில் கசிய வேண்டியது ஒரே நாளில் கொட்டிவிடும். அந்த மண்ணுக்குப் பழக்கமும் இல்லை, அவகாசமும் இல்லை.

மண்ணுக்கு மூச்சுத் திணறல்

எண்ணெய் பட்ட மண்ணில் என்ன நடக்கிறது?

மண் துகள்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அந்த வழியாகத்தான் காற்றும் தண்ணீரும் உள்ளே போகின்றன. எண்ணெய் கொட்டினால் அது துகள்களைச் சுற்றிப் படிந்து இடைவெளிகளை அடைத்துவிடும்.

பிறகு மழை பெய்தாலும், எண்ணெய் தடவிய தலையில் தண்ணீர் வழுக்குவது போல, மண்ணில் ஒட்டாமல் ஓடிவிடும். வேருக்குக் காற்றும் கிடைக்காது. பயிருக்கு மூச்சுத் திணறும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும்போது அவற்றுக்குத் தழைச்சத்து தேவை. மண்ணில் இருக்கும் தழைச்சத்தை அவை முதலில் எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடந்து மஞ்சளாகிப் போகும்.

எண்ணெயில் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களும் உண்டு. பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அது மண்ணோடு நிற்காமல் நிலத்தடி நீரிலும் இறங்கும். லேசான எண்ணெய் வெயிலில் ஆவியாகிவிடலாம். ஆனால், தார் போன்ற கனமான பகுதி பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும்.

அசாமில் எரிந்த கிணறு

டிக்பாய் இருக்கும் அதே தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் என்ற ஊர் இருக்கிறது. 2020 மே 27-ந்தேதி அங்கே ‘ஆயில் இந்தியா’ நிறுவனத்தின் எரிவாயுக் கிணறு ஒன்று கட்டுக்கு அடங்காமல் பீறிட்டது. ஜூன் 9-ந்தேதி அது தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிர் இழந்தார்கள்.

ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். வாயுவோடு வந்த எண்ணெய் வயல்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் படிந்தது. பக்கத்துச் சதுப்பு நில ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. நவம்பர் 15-ந்தேதிதான் கிணற்றை அடக்க முடிந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது!

கதிராமங்கலத்தில் வந்த வழக்கு

நமக்கு அருகிலும் ஒரு சம்பவம் நடந்தது. தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய்கள் வயல்களின் ஊடே போகின்றன. 2017 ஜூன் 30-ந்தேதி ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டு எண்ணெய் வயலில் பரவியது.

ஊர் மக்கள் திரண்டார்கள். கலெக்டர் நேரில் வர வேண்டும் என்றார்கள். அங்கே தீயும் பற்றியது. போலீசார் தடியடி நடத்தினார்கள். பலர் கைதானார்கள்.

நிலத்தடி நீரே கெட்டுவிட்டது என்று ஊர் மக்கள் சொன்னார்கள். அப்படி இல்லை என்று நிறுவனம் மறுத்தது.

இந்த இடத்தில்தான் பெரிய கேள்வி பிறக்கிறது. மண்ணும் நீரும் முன்பு எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்பதற்குக் கணக்கு வேண்டும் அல்லவா? முன்கணக்கு இல்லாவிட்டால், குடியானவர் ஒன்று சொல்வார், கம்பெனி ஒன்று சொல்லும். வழக்கு தீராது.

சேறு சொன்ன சாட்சி

இதே வழக்கு கனடா நாட்டிலும் வந்தது. அங்கே ஆல்பர்ட்டா மாகாணத்தில் அதபாஸ்கா என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் தார் கலந்த மணல் இயற்கையாகவே இருக்கிறது. அந்தப் பகுதியின் பூர்வகுடி மக்கள் அந்தத் தாரை எடுத்துத் தங்கள் படகுகளுக்குப் பூசி வந்தார்கள்.

1967-ல் பெரிய அளவில் தார் மணலை வெட்டி எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். ஆற்றில் நச்சுப் பொருள்கள் இருப்பது பிறகு தெரிந்தது. ‘இது புதிதல்ல. கரையில் இருக்கும் தார் இயற்கையாகவே கசிகிறது’ என்று ஒரு சாரார் சொன்னார்கள்.

எது இயற்கை, எது மனிதர் செய்தது என்று எப்படிப் பிரிப்பது?

விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். பக்கத்து ஏரிகளுக்குப் போனார்கள். அடியில் இருக்கும் சேற்றைக் குழாய் விட்டு எடுத்தார்கள். ஏரிச் சேறு ஆண்டுதோறும் மேலே மேலே படிவது. அடியில் இருப்பது பாட்டன் காலத்துச் சேறு. மேலே இருப்பது நேற்றைய சேறு. அது ஒரு பஞ்சாங்கம் மாதிரி!

ஒவ்வோர் அடுக்கிலும் நச்சு எவ்வளவு என்று அளந்து பார்த்தார்கள். பழைய அடுக்குகளில் கொஞ்சம்தான் இருந்தது. 1960-களுக்குப் பிறகு படிந்த அடுக்குகளில் அது ஏறிக்கொண்டே வந்தது. 2013-ல் இந்த முடிவு வெளியானது. இயற்கையின் பங்கும் தெரிந்தது. மனிதரின் பங்கும் தெரிந்தது.

சேறு பொய் சொல்லவில்லை!

நெடுவாசல் எழுப்பிய குரல்

இப்போது நெடுவாசலுக்கு வருவோம்.

2017 பிப்ரவரியில் நாட்டில் பல இடங்களில் சிறிய எண்ணெய் வயல்களைத் தனியாருக்கும் கொடுக்க மத்திய அரசாங்கம் ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலில் நெடுவாசலும் இருந்தது. செய்தி தெரிந்ததும் ஊர் மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள், பிள்ளைகள், மாணவர்கள் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். பக்கத்து ஊர்களிலும் போராட்டம் பரவியது.

நெல், கடலை, தென்னை, பலா, பூ என்று விளைகிற பூமி அது. ‘நிலத்தடி நீரும் மண்ணும் கெட்டால் நாங்கள் எங்கே போவோம்?’ என்பதே அவர்களின் கேள்வி.

எண்ணெய் நாட்டுக்கு வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும் பகுதியை வெளிநாடுகளில் வாங்குகிறது என்பது உண்மை. ஆனால், சோறு போடும் நிலத்துக்கு ஆபத்து வந்தால் அதற்கு யார் ஈடு செய்வார்கள் என்பதற்கு மக்களுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அந்தத் திட்டம் அங்கே நடைபெறவில்லை. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் செய்தது. காவிரி டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அது ஆக்கியது. அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று தடுத்தது. முன்பே நடந்துவந்த வேலைகளை அது தடுக்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய 5 வட்டாரங்கள் அந்த மண்டலத்தில் சேர்ந்தன. திருமயம் அதில் இல்லை.

திருமயத்துக்கு ஆபத்து இல்லையா?

‘நம் ஊரில்தான் எண்ணெயே இல்லையே, நமக்கு என்ன கவலை?’ என்று திருமயம் பக்கத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். அது சரியல்ல.

பூமிக்கு அடியில் எண்ணெய் இல்லாவிட்டாலும், பூமிக்கு மேலே எண்ணெய் உண்டு! டீசல் எஞ்சின் ஓடுகிற கிணற்றடி உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி, மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறைகள் உண்டு. எஞ்சினில் இருந்து கழிக்கும் கறுப்பு ஆயில் மண்ணில்தான் ஊற்றப்படுகிறது.

பாறை நாட்டில் இது இன்னும் ஆபத்து. பாறைக்கு மேல் மண் கனமாக இருப்பதில்லை. அழுக்கை வடிகட்ட மண் போதாது. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. மேலே ஊற்றிய ஆயில் அந்த வெடிப்பில் இறங்கினால் நேரே கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

1 லிட்டர் கழிவு ஆயில் 10 லட்சம் லிட்டர் குடிதண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று சொல்கிறார்கள். ஒரு பட்டறையில் ஒரு நாளில் எத்தனை லிட்டர் கழிக்கிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும்!

மண்ணுக்கும் வைத்தியம் உண்டு

நல்ல செய்தியும் இருக்கிறது. எண்ணெய் குடித்த மண்ணைத் திருத்த முடியும். திருத்துகிறவர்கள், தாரைத் தின்னும் அதே சிற்றுயிர்கள்தான்!

வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற விஞ்ஞானி, அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, எண்ணெயின் பல பகுதிகளைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று பெரிய வழக்கு நடந்தது. 1980-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பு அளித்தது.

நம் நாட்டில் டெல்லியில் இருக்கும் ‘டெரி’ ஆராய்ச்சி நிலையம் ‘ஆயில்ஜாப்பர்’ என்ற மருந்தைக் கண்டுபிடித்தது. எண்ணெய் பட்ட மண்ணிலேயே வாழ்ந்த பாக்டீரியாக்களைப் பொறுக்கி எடுத்து, வளர்த்து, மக்காச்சோளச் சக்கைப் பொடியில் கலந்து செய்த மருந்து அது. எண்ணெய்க் கழிவு கொட்டிய பல இடங்களில் அதைப் பயன்படுத்தி இருக்கிறார்கள்.

வைத்தியம் எப்படி நடக்கிறது? முதலில் தேங்கிய எண்ணெயை அள்ளி எடுக்க வேண்டும். பிறகு மண்ணில் நுண்ணுயிர் மருந்தைத் தூவ வேண்டும். அவற்றுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் போட வேண்டும். ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். காற்றுப் புகும்படி அடிக்கடி உழ வேண்டும். சில மாதங்களில் எண்ணெய் குறையும். நம் ஊரின் வெயிலும் இதற்கு உதவி.

ஆனால், எல்லா நோய்க்கும் இது மருந்தல்ல. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு உப்பு நீரும் வருவது உண்டு. நுண்ணுயிர் எண்ணெயைத் தின்னும், உப்பைத் தின்னாது. ஆழத்தில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்த நஞ்சை எடுப்பதும் மிகக் கடினம். வந்த பின் வைத்தியம் செய்வதைவிட, வராமல் காப்பதே மேல்.

வீட்டில் செய்ய வேண்டியது

காப்பதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை.

டீசல் எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்தால், சொட்டும் எண்ணெய் மண்ணில் இறங்காது.

கழித்த ஆயிலை டப்பாவில் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்புக்காரர்களிடம் சேர்க்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல், பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் சட்டப்படி உண்டு.

கை தவறிக் கொட்டிவிட்டால், உடனே காய்ந்த மணலையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்ச வைத்து அள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி வாய்க்காலில் தள்ளக் கூடாது. கொளுத்தவும் கூடாது.

எண்ணெய்க் குழாய் போகும் ஊர்களில் கசிவு தெரிந்தால் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் தூரத்தில் வைத்துவிட்டு, உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் திட்டம் வந்தாலும், வேலை தொடங்கும் முன்பே ஊர்க் கிணற்று நீரையும் வயல் மண்ணையும் சோதித்து எழுதி வைக்க வேண்டும். வீட்டுப் பத்திரம் போல் அந்தக் கணக்கும் ஊரின் கையில் இருக்க வேண்டும். பின்னால் சண்டை வந்தால், பேசப் போகிற சாட்சி அதுதான்.

பூமி தானாகக் கசிந்த தாரை, கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் மெல்ல மெல்லச் செரிக்கின்றன. மனிதர் ஒரே நாளில் கொட்டுவதைச் செரிக்க அவற்றால் ஆகாது.

மண்ணுக்கு வாய் இல்லை. அதற்காக வாய் திறக்க வேண்டியவர்கள், அதில் விளைந்ததைச் சாப்பிடுகிறவர்கள்தான்!